முன் சக்கரத்தில் கோட்டம்

ஜனவரி 13, 2026

காரைக்குடியில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. சைக்கிள் பெட்டி ஆட்டோவுக்குள் நுழையாது என்று அப்பாவுக்குத் தெரியும். தள்ளுவண்டியோடு வந்து நின்றார். கடை இருக்கும் செக்காலை வரும்வரை இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

கடை வாசலில் பெட்டியைப் பிரித்தோம். அவர் கை நேராக முன் சக்கரத்துக்குத்தான் போனது. சுற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "கோட்டம் இருக்குத்தா." ரிம் நேராக ஓடாமல் ஆடுகிறது என்று அர்த்தம்.

நவம்பரில் விழுந்ததிலிருந்து அந்தச் சக்கரத்தை யாரும் தொடவில்லை. மழையில் நனைந்த ஒரு மரவேர், இறக்கம், முன் பிரேக்கைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டேன். காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தேன். இப்போது எலும்பு கூடிவிட்டது, ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

என் மலை சைக்கிள் பந்தய அணியின் மேலாளர் இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார். இன்னும் ஒரு வருடம் ஓட்டுகிறேனா, போதுமா என்று. எனக்கு வயது 34.

ஜனவரி 15

பொங்கல். வீடு நிறைய ஆட்கள். சித்தப்பா கேட்டார்: "மலையே இல்லாத ஊர்ல பொறந்துட்டு மலை சைக்கிள் எப்படித்தா ஓட்டுற?" எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்து முழுசாகவே விளக்கினேன். நான் ஓட்டுவது கிராஸ் கன்ட்ரி. நான்கைந்து கிலோமீட்டர் சுற்று ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். பெரிய போட்டிகளில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போகும். தரவரிசையில் மேலே இருப்பவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். பின்னால் நிற்பவர்கள் முதல் ஏற்றத்துக்குள் முந்தாவிட்டால், அப்புறம் ஒற்றையடிப் பாதையில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டியதுதான். ஒலிம்பிக்கில் 1996 அட்லாண்டாவிலிருந்து இருக்கிறது.

மலை எதற்கு? சரளையில் சக்கரம் எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும் என்று கண் சொல்ல வேண்டும். அந்தக் கண் எனக்கு இந்தச் செம்மண்ணில் வந்தது. இங்கே செம்புறாங்கல் உதிர்ந்து உருண்டை உருண்டையாகக் கிடக்கும். அதன்மேல் வளைவது தரையில் கொட்டிய கொண்டைக்கடலைமேல் ஓட்டுவது மாதிரி. பள்ளிக்கூடம் போகும்போதே முட்டியைத் தேய்த்துப் பழகியாயிற்று.

அப்பத்தா வேறொன்று கேட்டார். "இன்னும் எத்தனை வருசம்?" கல்யாணத்தைத்தான் கேட்கிறார். குன்-ரிதா தாலெயைப் பற்றிச் சொன்னேன். நார்வேக்காரர், 2004 ஏதென்ஸில் தங்கம், 2009இல் குழந்தை, அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. 2018இல் அந்தோராவில் ஓர் உலகக் கோப்பைப் பந்தயத்தை வென்றபோது அவருக்கு வயது 45. அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிள்ளைய யாரு பார்த்தா?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

ஜனவரி 17

சிராவயல் மஞ்சுவிரட்டு. தெருவே காலியாகிவிட்டது, தம்பியும் கிளம்பிவிட்டான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனேன்.

கரையிலிருந்து வயல் பக்கம் இறங்க ஒரு சரிவு உண்டு. இரண்டு ஆள் உயரம் இருக்கும், நடுவில் வரப்பு மாதிரி ஒரு மேடு. பன்னிரண்டு வயதில் அப்பாவின் வாடகை சைக்கிளில், பிரேக்கும் சரியாக இல்லாமல், அதில் இறங்கியிருக்கிறேன். இன்று ஏழு தடவை விளிம்புக்குப் போனேன். ஏழு தடவையும் நின்றுவிட்டேன்.

தோள் வலிக்கவே இல்லை, அதை எழுதி வைக்க வேண்டும். விரல்தான். விளிம்பு தெரிந்ததும் ஆள்காட்டி விரல் தானாகப் பிரேக்கை மடக்குகிறது. இறக்கத்தில் அது ஆபத்து. எடை முன்னால் சாயும், முன் சக்கரம் சுற்றாமல் இறுகிவிடும், நவம்பரில் நடந்தது அதுதான். நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து என் விரல் செய்வதே என்னை விழவைக்கும்.

வயிற்றைப் பிசைந்தது. கரையில் உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் நிறைந்து கிடந்தது, நாரைகள் இருந்தன.

ஜனவரி 18

அப்பா கோட்டம் எடுத்தார். சக்கரத்தைக் கவட்டையில் மாட்டி, சாக்பீஸை ரிம் பக்கத்தில் பிடித்துச் சுற்றினார். சாக்பீஸ் தேய்த்த இடத்தில் ஒரு பக்கத்துப் போக்ஸ் கம்பியைக் கால் சுற்று இளக்கி, எதிர்ப் பக்கத்தைக் கால் சுற்று இறுக்கினார். ஒரே இடத்தில் அரைச் சுற்றுக்கு மேல் திருக மாட்டார். நாற்பது வருடமாக இப்படித்தான்.

"இது தெரியாம எப்படி ஓட்டுன?" என்றார். டிஸ்க் பிரேக், நடு அச்சில் பிடிக்கும், ரிம் ஆடினாலும் கட்டையில் உரசாது என்றேன். பழைய பிரேக்காக இருந்தால் சத்தம் போட்டே சொல்லியிருக்கும் என்றார்.

ஜனவரி 22

குன்றக்குடிப் பக்கம் காட்டுப் பாதையில் மூன்று மணி நேரம். ஏற்றம் இல்லாத குறையைச் சீமைக்கருவேலம் தீர்த்து வைக்கிறது. வந்து எண்ணினோம். பின் டயரில் பதினொரு முள்.

அப்பா இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சின்ன முள்ளைப் பிடுங்காதீங்க என்று கையைப் பிடித்தேன். இதில் டியூப் கிடையாது. உள்ளே ரப்பர் பால் ஊற்றியிருக்கிறது, காற்று கசியும் இடத்துக்கு அது ஓடிப்போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்குள் பிடுங்கிவிட்ட ஒன்றின் ஓட்டையில் வெள்ளையாகக் குமிழி வந்து நின்றதை அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பங்ச்சர் ஒட்டியே எங்களைப் படிக்கவைத்தவர். "அப்ப எனக்கு வேலையில்லயா?" என்றார். இருக்கிறதுப்பா, நம்ம ஊர் வெயிலுக்கு அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி ஊற்ற வேண்டும் என்றேன். பெருவிரலால் டயரை அமுக்கிவிட்டு, காற்று பத்தாது என்றார். இருபது பிஎஸ்ஐ பக்கம்தான் வைப்போம், டயர் அமுங்கினால்தான் சரளையைப் பிடிக்கும் என்றபோது அவர் நம்பவில்லை.

பாரிஸ் ஒலிம்பிக் கதையைச் சொன்னேன். 2024 ஜூலை 29, எலாங்கூர் குன்று. பிரிட்டனின் டாம் பிட்காக் முன்னணியில் இருந்தபோது முன் டயர் பங்ச்சர். வழியில் வெளியாட்கள் யாரும் கைகொடுக்கக் கூடாது. அதற்கென்று ஒதுக்கிய இடம்வரை தானே கொண்டுபோய்த்தான் சக்கரம் மாற்றலாம். சுமார் 40 விநாடி போயிற்று. ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் பிரான்ஸின் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தித் தங்கம் வாங்கினார். அப்பாவுக்கு வேறொன்றுதான் தெரிய வேண்டியிருந்தது: "சக்கரத்த மாத்துனது யாரு?" அந்த மெக்கானிக்கின் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

ராத்திரி படுக்கையில் கேரளத்துப் பொன்முடி நினைவு. 2023 அக்டோபரில் ஆசியப் போட்டி அங்கே நடந்தது. எனக்கு அணியில் இடமில்லை. வேலிக்கு வெளியே நின்று சீன வீராங்கனைகள் பாறை இறங்குவதைப் பார்த்தேன். எல்லாரும் தலையை நிமிர்த்தி, அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். கரையில் ஏழு தடவையும் நான் முன் சக்கரத்தைப் பார்த்திருக்கிறேன். அதில் கோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

ஜனவரி 26

குன்றக்குடிச் சாலையில் பழனிக்கு நடப்பவர்கள் வரிசை. வெறுங்காலோடு ஒரு பெரியவர், குதிகாலில் துணி சுற்றியிருந்தது. அவரைத் தாண்டும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

கண்மாய். சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சரிவில் முதலில் நடந்தேன், செருப்பில்லாமல். எங்கே மண் இறுகியிருக்கிறது, எங்கே சரளை. மேட்டுக்கு இடப்பக்கம் ஆடு நடந்த தடம் கெட்டியாக இருந்தது. அப்புறம் சீட்டைத் தாழ்த்தி, குதிகாலை அமுக்கி, கீழே வரப்பில் நின்ற பனையைப் பார்த்துக்கொண்டு விட்டேன். மேட்டில் விரல் மடங்கியது, ஆனால் லேசாகத்தான். முன் சக்கரம் ஒரு சாண் வழுக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

நான்கு தடவை இறங்கினேன். மூன்றாவதில் விழுந்தேன், முழங்கை சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

கடைக்கு வந்ததும் அப்பா முழங்கையைப் பார்க்கவில்லை, முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். நேராக ஓடியது. மேலாளருக்கு அங்கேயே நின்று அனுப்பினேன்: வருகிறேன், முன் டயர் புதிதாக இரண்டு வேண்டும், ரப்பர் பால் பெரிய டப்பா இரண்டு. ஒன்று அப்பாவுக்கு.