காளான் அச்சு எடுத்த கதை: மூன்றாவது கோடை

சித்திரைக் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் பொழுது சாய வேலியோரப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. விளக்கடியில் கிடந்த ஒன்றை லென்ஸில் பார்த்தேன். நாலு இறகும் ஒரே நீளம். இறகு முளைத்த எறும்பாக இருந்தால் முன்னிறகு பெரிசாக இருக்கும்.

மறுநாள் காலை செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள். பட்டுத்துணியில் கிள்ளியெடுத்த மாதிரி சிவப்பு. எட்டுக் கால், அதனால் இது பூச்சி இனமே இல்லை, உண்ணிக்குச் சொந்தம்.

நான் காத்திருந்தது புற்றுக்காளானுக்கு. இடி இடித்தால்தான் முளைக்கும் என்பாள் அம்மா. நாலைந்து நாளில் கூர்முனைக் குடையோடு வந்துவிட்டது. ஒன்றை வேரோடு எடுக்கக் குச்சியால் தோண்டினேன். ஒரு சாண் போயும் தண்டு முடியவில்லை, அறுந்துவிட்டது. கீழே கரையான்கள் மென்ற இலைதழையை வைத்து வளர்க்கும் காளான் தோட்டத்திலிருந்துதான் அது கிளம்பி வருகிறது.

அச்சு எடுப்பது என்றால் குடையடியிலிருந்து உதிரும் வித்துத்தூளைக் காகிதத்தில் விழவைத்து அதன் நிறத்தைப் பார்ப்பது. முதல் வருஷம் ஃபேன் காற்றில் தூள் பறந்துபோனது. போன வருஷம் குடை ஈரம், காகிதம் ஊறிவிட்டது. இந்த முறை தண்டை நறுக்கி, பாதி கறுப்பு, பாதி வெள்ளைக் காகிதத்தில் குடையடியில் மடிப்புமடிப்பாக இருக்கும் மடல் பக்கம் கீழே இருக்க வைத்தேன். குடை மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். விடிந்து டம்ளரைத் தூக்கினால் கறுப்புப் பாதியில் சக்கர ஆரம் மாதிரி கோடுகோடாக வெளிர் ரோஜாத் தூள்! ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் சித்தி வீட்டுப் புல்தரையில் பெரிய வெள்ளைக் காளான், மேலே பழுப்புச் செதில். "குழம்பு வைக்கலாமாடா?" என்றார். மடலும் வெள்ளைதான். வேண்டாம் சித்தி, ஒரு ராத்திரி பொறுங்கள் என்று அதையும் டம்ளருக்கடியில் வைத்தேன். விழுந்தது பாசிப்பச்சை. வாந்தி பேதியில் படுக்கவைக்கும் காளான் அது. சித்தியிடம் காகிதத்தையே காட்டினேன். நல்ல நிறம் விழுந்தது என்பதற்காக மட்டும் எந்தக் காளானையும் நான் வாயில் வைக்கமாட்டேன்.

அரிசிக் காளான் இன்னும் கண்ணில் படவில்லை. அந்தப் பொடிக் குடைக்கு டம்ளர் பெரிசு, மருந்துக்குப்பி மூடி ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன்.