ட்ரையல் கீமோ: மருந்தைவிட தேதிதான் படுத்துகிறது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் அக்காவுக்கு ட்ரையலில், அதாவது புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வில், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் இரண்டும் 21 நாளுக்கு ஒருமுறை. கூடவே தினமும் ஒரு மாத்திரை. அது நிஜ மருந்தா, டம்மியா என்று அக்காவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கீமோ எப்படி இருக்கும் என்பதை ஊரே சொல்லிவிடும். ட்ரையல் என்றானபின் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் காகிதமும் கெடுவும்தான் ஆளைச் சாய்க்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன் கேட்பது பழைய பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த துண்டு. எல்லாரும் பிளாக் என்கிறார்கள். சேரலாமா என்று பார்க்கும் சோதனைகளுக்கு, அதாவது ஸ்கிரீனிங்குக்கு, எங்களுக்குக் கெடு 28 நாள். ஸ்கேன், இசிஜி எல்லாம் ஒரே காலையில் முடிந்தன. பிளாக்குக்காகத்தான் அலைச்சல். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் கவுண்டரில் இருந்த அம்மா ஃபைல் நம்பரைத் தட்டிப் பார்த்து, "எங்களிடம் அப்படி எதுவும் இல்லை" என்று முடித்துவிட்டார். பொய் சொல்லவில்லை, எங்கே இருக்கும் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பிளாக் மருத்துவமனையில் இருக்காது; பரிசோதித்த லேபில் இருக்கும். அரசு மருத்துவமனை என்றால் தேசிய ஆய்வகச் சேவையின் லேப், தனியார் என்றால் பயாப்ஸி ரிப்போர்ட்டின் தலைப்பில் எந்த லேபின் பெயர் இருக்கிறதோ அது. அங்கே மருத்துவமனை ஃபைல் நம்பரைச் சொன்னால் தேடவே மாட்டார்கள். ரிப்போர்ட்டில் லேப் போட்டிருக்கும் ஹிஸ்டாலஜி நம்பர் வேண்டும், ட்ரையல் டாக்டரின் கடிதம் வேண்டும், நோயாளியின் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். பிளாக்கையே தர மறுத்தால் சாயமேற்றாத ஸ்லைடு போதுமா என்று ட்ரையல் நர்ஸிடம் முன்னமே கேட்டு வையுங்கள். பல ட்ரையல்களில் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் வெட்டி நாளான ஸ்லைடைத் திருப்பிவிடுவார்கள்.

சம்மதப் படிவம் ஒருமுறை போட்டால் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். மருந்தைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரியவந்தால் படிவம் மாறும். நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டதும் புதிய பதிப்பில் மறுபடி கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம், கடைசியில் முழுக் கையெழுத்தும் தேதியும், எல்லாம் நோயாளியின் கையாலேயே. விளக்கிச் சொன்ன டாக்டரும் அன்றே போடவேண்டும். வார்டில் இருக்கிற எந்த டாக்டரும் போட்டுவிட முடியாது. ட்ரையல் பட்டியலில் அந்த வேலைக்குப் பெயர் இருக்கவேண்டும். ஒரு கீமோ சுற்றில் கட்டில் தயார், மருந்து தயார், ரத்தமும் நன்றாக இருந்தது. புதிய படிவம் முந்தின நாள்தான் வந்திருக்கிறது, அந்த டாக்டர் வெளியூரில். டர்பன் புறநகர் சாட்ஸ்வர்த்திலிருந்து விடியற்காலை கிளம்பிப் போனவர்களை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கேட்டதற்கு, "சிஸ்டத்தில் இன்று காலைதான் பார்த்தேன்" என்ற பதில். இப்போதெல்லாம் முந்தின நாள் மத்தியானமே நாங்கள் போன் போட்டுவிடுகிறோம். படிவம் மாறியிருக்கிறதா? கையெழுத்திடும் டாக்டர் வருகிறாரா? ரத்தம் எடுக்கும் டியூப் கிட் காலாவதி ஆகாமல் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கிட் ட்ரையலை நடத்தும் ஸ்பான்சர் அனுப்புவது, பெட்டியில் தேதி இருக்கும், தேதி தாண்டினால் மத்திய லேப் அந்த மாதிரியை வாங்காது.

ரத்தம்தான் பெரிய வாசல். எங்கள் ட்ரையலில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 1.5, பிளேட்லெட் 100 இருந்தால்தான் அன்று கீமோ. 1.4 வந்தால் டாக்டர் நினைத்தாலும் ஏற்றமுடியாது, ஒரு வாரம் தள்ளுவார்கள். இதில் அழுதும் பயனில்லை, ஏனென்றால் எண்ணிக்கை தானாக ஏறவேண்டும். மாதுளையும் பீட்ரூட்டும் நியூட்ரோஃபிலை ஏற்றாது. நம் கையில் இருப்பது வேறு. ரத்தம் எடுக்கும் முந்தின நாள் தண்ணீர் போதாமல் போனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏறிக் காட்டும். டர்பன் கோடையில், அதுவும் வாந்தி வயிற்றுப்போக்கு இருந்தால், இது சுலபமாக நடக்கும். கார்போபிளாட்டின் அளவையே கிரியேட்டினினை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். இன்னொன்று, மெல்லிய நரம்பில் இழுத்து இழுத்து எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும். திடீரென்று பொட்டாசியம் அதிகம் என்று சொல்லிச் சுற்றைத் தள்ளினால், "மாதிரி ஹீமோலைஸ் ஆகியிருக்கிறதா, மறுபடி எடுக்கலாமா" என்று கேளுங்கள். எங்களுக்கு மறுபடி எடுத்தார்கள், சரியாக இருந்தது, அன்றே கீமோ ஏறியது.

ரிசல்ட் 72 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும் என்பது எங்கள் விதி. இது ஏப்ரலில் கழுத்தை நெரிக்கும். பெரிய வெள்ளி, குடும்ப நாள் திங்கள், 27 சுதந்திர நாள், அடுத்து மே 1. விடுமுறை ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் திங்களும் போயிற்று. வியாழன் எடுத்த ரத்தம் செவ்வாய் செல்லாது. முதல் சுற்றிலேயே எல்லாத் தேதிகளையும் காலண்டரில் போட்டு, எத்தனை நாள் முன்பின் தள்ளலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றின் இரண்டாம் வாரத்தில் அணுக்கள் அடியில் இருக்கும். அது பெரிய வெள்ளியோடு சேர்ந்தால், அன்று மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கூடும் கூட்டம் அந்த வருஷம் வேண்டாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் நடக்கும் பாடு பெரிதாக எழுத ஒன்றுமில்லை. பாக்ளிடாக்செல் ஏறி இரண்டு மூன்று நாளில் கால் வலி பிழியும், பிறகு போய்விடும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் காலையிலேயே சாப்பாட்டோடு கொடுத்தால் ராத்திரி தூக்கம் கொஞ்சமாவது வரும். ஆன்டன்செட்ரான் வாந்தியை நிறுத்தி மலத்தையும் நிறுத்திவிடும். மலமிளக்கி எதைச் சேர்க்கலாம் என்று அன்றே கேளுங்கள். வாய்க்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடா, கொப்பளித்துத் துப்பவும். விரல் மரத்துப்போவதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். பட்டன் போட முடியவில்லை என்றால் அதே வார்த்தையில் சொல்லுங்கள், அளவைக் குறைப்பதா என்பது அதை வைத்துத்தான்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிமார் கொண்டுவரும் பாட்டில்கள் தனித் தலைவலி. குழம்பில் மஞ்சள் இருக்கட்டும். மஞ்சள் காப்ஸ்யூல், கஷாயப் பொடி, கிரேப்ஃப்ரூட் ஜூஸ் எதுவும் கேட்காமல் உள்ளே போகக்கூடாது. மருந்து உடைபடும் வேகத்தை இவை மாற்றலாம். புரட்டாசியில் மரக்கறி மட்டும் சாப்பிடுவதில் பிரச்சினை இல்லை, பருப்பும் தயிரும் நிறைய இருந்தால் போதும். சாயங்காலம் வரை பட்டினி கிடப்பதைத்தான் டாக்டர் தடுத்தார். ட்ரையல் மாத்திரையை விட்டுவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது, டைரியில் எழுதினால் போதும். காலி பாட்டிலையும் தூக்கிப் போடாதீர்கள், எண்ணி வாங்குவார்கள்.

காசு விஷயம். மருந்து ஒழுங்குமுறை ஆணையமான சாப்ராவின் வழிகாட்டுதல்படி பங்கேற்பவருக்கு நேரம், சிரமம், செலவு மூன்றுக்கும் ஈடு கொடுக்கவேண்டும். கேட்டால்தான் நகர்கிறது. ட்ரையலுக்காக எடுக்கும் ஸ்கேனின் பில் தவறி மெடிக்கல் எய்டுக்கு, அதாவது நம் மருத்துவக் காப்பீட்டுக்கு, போனால் அந்த வருஷத்துப் புற்றுநோய் வரம்பு கரையும். எந்தச் செலவு ஸ்பான்சருடையது, எது நம்முடையது என்று எழுத்தில் வாங்கி, மாதாமாதம் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். எங்களுக்கு ஒன்று தவறிப்போய், திருப்ப வைத்தோம்.

காய்ச்சல் 38 தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பனாடோவை (பாராசிட்டமால்) கொடுத்துவிட்டுத் தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும், முதலில் அளவு பாருங்கள். கேஷுவல்டி வாசலில் மெடிக்கல் எய்ட் அட்டையைக் கேட்டு உட்காரச் சொல்வார்கள். அட்டையை எடுக்கும் முன்பே "கீமோ முடிந்து ஒன்பதாம் நாள், காய்ச்சல் 38.4" என்று சத்தமாகச் சொல்லி ட்ரையல் கார்டை நீட்டுங்கள். இது வேலை செய்தது. ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏறவேண்டும், ஏறியது. கார்டில் இருக்கும் 24 மணி நேர எண்ணுக்கு அந்த ராத்திரியே போன் போடுங்கள். அட்மிட் ஆனாலே அது தீவிர நிகழ்வு, தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் ஸ்பான்சருக்குத் தெரிவித்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் ரத்த ரிசல்ட்டையும் வார்டிலேயே கையில் வாங்கிக்கொண்டுதான் கிளம்பவேண்டும். வீட்டுக்குப் போய்விட்டுக் கேட்டால் மறுபடி ரெக்கார்ட்ஸ் கவுண்டர்தான்.