நாட்டுக்குப் போட்ட மார்க்கை ஆள் மேல் ஒட்டாதீர்கள்

எந்த நாட்டில் கறுப்புப் பணத்தை எவ்வளவு சுலபமாக வெள்ளையாக்கலாம் என்று எடைபோடுவதுதான் எஃப்.ஏ.டி.எஃப். (ஃபைனான்ஷியல் ஆக்ஷன் டாஸ்க் ஃபோர்ஸ்) என்ற சர்வதேச அமைப்பின் வேலை. 1989-இல் ஜி7 நாடுகள் தொடங்கிய அமைப்பு, இருப்பது பாரிஸில். தன்னுடைய 40 பரிந்துரைகளுக்கு ஏற்ற சட்டம் இருக்கிறதா என்று பார்க்கும். அந்தச் சட்டம் வேலை செய்கிறதா என்று 11 தலைப்புகளில் தனியாகப் பார்க்கும். தேறாத நாடு கிரே லிஸ்ட், அதாவது கண்காணிப்புப் பட்டியலில் போகும். ரொம்ப மோசமென்றால் பிளாக் லிஸ்ட்.

பாரிமுனையில் ஒரு வங்கியில் சந்தேகப் பரிவர்த்தனைகளைப் பார்ப்பது என் வேலை. ஐக்கிய அமீரகம் 2022 மார்ச்சில் கிரே லிஸ்டுக்குப் போய், 2024 பிப்ரவரியில் வெளியே வந்தது. அந்தச் சமயத்தில், துபாயில் வெல்டராக இருக்கும் மகன் அனுப்பிய பணத்துக்கு ராயபுரத்து அம்மா ஒருவர் கவுன்ட்டரில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. "ஏம்மா, எம்புள்ள வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசுக்கு இவ்ளோ கேள்வியா?" மாதாமாதம் அதே தேதி, ஏறக்குறைய அதே தொகை. கேட்க அதில் எதுவுமே இல்லை. கிரே லிஸ்டில் இருக்கிறது என்பதற்காகவே கூடுதல் சோதனை செய்யுங்கள் என்று எஃப்.ஏ.டி.எஃப். கூடச் சொல்வதில்லை.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் பையனுடையது. 600, 750 என்று கூலி வரும். டீக்கடை, ரீசார்ஜ் என்று போய்விடும். ஒரு சனிக்கிழமை ராத்திரி முதலில் ஒரே ஒரு ரூபாய் வருகிறது. கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று மோசடிக்காரர்கள் பார்க்கிறார்கள். அப்புறம் ஏமாந்தவர்களின் பணம் 49,000, 50,000 என்று வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வரிசையாக விழுகிறது. வந்த சில நிமிஷத்தில் வேறு கணக்குகளுக்குப் பறக்கிறது. விடிந்தால் மீதி 212 ரூபாய். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் சில ஆயிரத்துக்கு யாரிடமோ கொடுத்திருக்கிறான்.

இப்படிப் பறக்கும் பணத்தில் ஒரு பகுதி கிரிப்டோவாக மாறி, மியான்மரில் தாய்லாந்து எல்லையோரம் இருக்கும் ஆன்லைன் மோசடிக் கூடாரங்கள் வரை போகிறது. மியான்மர் 2022 அக்டோபரிலிருந்து பிளாக் லிஸ்டில் இருக்கிறது. ஆனால் பையனின் ஸ்டேட்மென்டில் அந்த நாட்டின் பெயரே வராது. எல்லாம் இந்தியா டு இந்தியா. நாட்டை வைத்து மட்டும் சலித்தால் அம்மா மாட்டுவார், இது தப்பிவிடும். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

2024 செப்டம்பரில் இந்தியாவைப் பற்றிய எஃப்.ஏ.டி.எஃப். அறிக்கை வந்தது. சட்டங்களுக்கு நல்ல பெயர். வழக்குகள் முடியாமல் இழுப்பதைக் குறையாகச் சொன்னது. நியாயமான குறை. பையனின் கணக்கு முடங்குகிறது, அவன் ஸ்டேஷனுக்கு அலைகிறான். கார்டை வாங்கிப் போனவன் வரைக்கும் வழக்கு போக வேண்டாமா? பறிகொடுத்தவருக்குப் பணம் திரும்பி வர எத்தனை நாளாகிறது? மார்க் போடுகிறவர்கள் இதை முதலில் கேட்கட்டும்.

வடசென்னைத் தம்பிகளே, "அக்கவுன்ட் மட்டும் குடு, வேலையே இல்ல" என்று எவனாவது வந்தால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே கிளைக்குப் போய்க் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், சிம்மை பிளாக் பண்ணுங்கள். பணம் பறிபோனவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.