புகை காட்டி முளைக்கும் காடு

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா என்ற யூகலிப்டஸ் மரங்கள் நிறைந்த காட்டில் அல்கோவா நிறுவனம் 1963 முதல் அலுமினியத் தாதுவான பாக்சைட்டைத் தோண்டுகிறது. தோண்டிய இடத்தில் காட்டை மீட்க அவர்கள் செய்வதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

மேல்மண்ணை வழித்து, கூடியவரை உடனடியாக வேறொரு பழைய குழியில் பரப்புகிறார்கள். அந்த மண்ணுக்குள்தான் காட்டின் விதைகள் உறங்குகின்றன. குவித்துப் போட்டு வைத்தால் பாதிக்கு மேல் வீணாகிவிடும். காட்டுத்தீயின் புகை பட்டால் மட்டும் விழிக்கும் விதைகளும் உண்டு. அவற்றுக்குப் புகை காட்டி விதைக்கிறார்கள்! அப்புறம் வண்டிகளைக் கழுவுவது. டயரில் ஒட்டிய ஈரமண்ணோடு வேரழுகல் நோய் பரவினால் ஜாரா மரங்கள் நின்றபடியே காய்ந்துபோகும்.

இவ்வளவு அக்கறையும் உண்மைதான். 1980களின் பிற்பகுதி வரை வேற்றிடத்து யூகலிப்டஸ் நட்டவர்கள், பிறகு ஜாராவுக்கே திரும்பினார்கள். சரி, ஆனால் அந்தக் காட்டில் வாழும் கறுப்புக் கொண்டைக்கிளி? அது முட்டையிட முதிய மரத்தின் பொந்து வேண்டும். பொந்து விழ நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 1963-க்குப் பிறகு நட்ட ஒரு மரத்துக்கும் இன்னும் அந்த வயது வரவில்லை. பொந்து மரங்கள் நிற்கும் இடத்தைத் தொடவே கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.