பனிக்கரு அளவீடு: வெற்று மாதிரிக்கு ஏன் இத்தனை பாடு?

மேகத்துளி பூஜ்ஜியத்துக்குக் கீழே போன உடனே உறைந்துவிடாது. தூய நீர்த்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூடத் திரவமாகத் தாக்குப்பிடிக்கும். அதற்கு முன்பே உறைய வேண்டுமென்றால் பனிக்கருவாகச் செயல்படும் துகள் ஒன்று துளிக்குள் இருக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் அப்படிப்பட்டது ஏறத்தாழப் பத்து லட்சம் துகள்களில் ஒன்றுதான். இந்த அரிதுதான் இந்த வேலையின் சிக்கல்களுக்கெல்லாம் வேர்.

காற்றில் எத்தனை பனிக்கரு இருக்கிறது என்று அறிய, பம்பு வைத்து நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒரு நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சினால், 0.2 மைக்ரான் துளையுள்ள பாலிகார்பனேட் வடிதாள் வழியே 14,400 லிட்டர் காற்று போகும். வடிதாளை 10 மில்லிலிட்டர் நீரில் குலுக்கி, அந்த நீரை 50 மைக்ரோலிட்டர் வீதம் ஒரு தட்டின் 32 குழிகளில் விட்டு, நிமிடத்துக்கு மூன்றில் ஒரு டிகிரி என்று மெல்லக் குளிர்விக்கிறோம். உறைந்த குழி சட்டென்று மங்கிவிடும். கேமராவில் அது தெளிவாகத் தெரியும்.

உறைந்த குழிகளிலிருந்து பனிக்கருவின் செறிவைக் கண்டுபிடிக்கும் கணக்கு, வளிமண்டல அறிவியலாளர் காபோர் வாலி 1971-இல் தந்தது. உறையாத குழிகளின் விகிதத்துக்கு இயல் மடக்கை எடுத்து, குறியை மாற்றி, குழியின் கன அளவால் வகுக்க வேண்டும். ஒரே குழி உறைந்திருந்தால் மில்லிலிட்டருக்கு 0.63 பனிக்கரு, காற்றில் அது லிட்டருக்கு 0.00044. 31 குழிகள் உறைந்திருந்தால் மில்லிலிட்டருக்கு 69. 32-உம் உறைந்துவிட்டால் கணக்கே போட முடியாது. பத்து மடங்கு நீர்த்துத்தான் மேலே போக முடியும்.

இவ்வளவு சிறிய எண்களில் கைவிரல் பட்ட ஓர் ஓரம்கூட முடிவைக் கெடுத்துவிடும். அயனி நீக்கிய நீரே பெரும்பாலும் மைனஸ் 25-ஐ ஒட்டி உறையத் தொடங்கிவிடுகிறது. குழிச்சுவரும் நீரிலேயே மிஞ்சியிருக்கும் தூசும் அதற்குப் போதும். ஆய்வக நீரை மட்டும் சோதிப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. பம்பை இயக்காமல் களத்திலேயே பொருத்திக் கழற்றிய வடிதாளையும் (இதுதான் வெற்று மாதிரி) அதே நீரில், அதே தட்டில் ஓட்ட வேண்டும். வெற்று மாதிரியின் பங்கைக் கழிக்கும்போது உறைந்த குழிகளின் எண்ணிக்கையைக் கழிக்கக் கூடாது. மடக்கைக் கணக்குக்குப் பிறகு வரும் செறிவைத்தான் கழிக்க வேண்டும். மாதிரியின் செறிவு வளைவும் வெற்று மாதிரியின் வளைவும் நெருங்கும் வெப்பநிலைக்குக் கீழுள்ள தரவை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும்.

வெப்பமானி தட்டைத் தாங்கும் உலோகக் கட்டையில் மட்டும் இருந்தால் நீரின் உண்மையான குளிர்ச்சி தெரியாது. ஓரக் குழியும் நடுக்குழியும் வேறுபடும். நாலைந்து டிகிரிக்குச் செறிவு பத்து மடங்கு மாறக்கூடிய அளவீட்டில் ஒரு டிகிரிப் பிழை சின்ன விஷயமல்ல.

மீதி நீரை 95 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்கி மறுபடி உறையவைத்தால், பாக்டீரியப் புரதத்தால் வந்த உறைதல் பெரும்பாலும் மறைந்துவிடும். ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமத் தூசு தருவது பெரும்பாலும் அப்படியே நிலைத்திருக்கும். ஆனால் வடிதாளை அறை வெப்பத்தில் கிடத்தி வைத்திருந்தால், சூடாக்கும் முன்பே அந்தப் புரதங்கள் செயலிழந்திருக்கலாம். எடுத்த கையோடு மைனஸ் 20-இல் வைத்துவிட வேண்டும்.