பச்சைக் கிண்ணம், மூடி இல்லை

ஜூன் 3
இரண்டாங்கட்டு அறையைத் திறந்தாயிற்று. பூட்டுக்கு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் போராடினோம். மரப்பெட்டிக்குள் வைக்கோல் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. கண்ணாடிச் சாமான் மொத்தம் 31. பித்தளையில் எல்லாம் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கிறது. கண்ணாடியில் எதுவும் இல்லை.

ஜூன் 4
பெரியப்பச்சி ஒரு சுற்று பார்த்துவிட்டு, "எல்லாம் பெல்ஜியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் பக்கத்தில் தேக்கு என்றால் பர்மா, கண்ணாடி என்றால் பெல்ஜியம். நிலைக்கண்ணாடிக்கு வேண்டுமானால் அது சரி. கிண்ணம், ஜாடி, குவளை எல்லாவற்றுக்கும் அதையே சொன்னால் எப்படி? 16ஆம் தேதி சாமான்களைப் பங்கு பிரிக்கிறோம். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

ஜூன் 5
மதுரை. அப்பத்தா பேசவில்லை. நாள் முழுக்கத் தூக்கம்.

ஜூன் 7
கண்ணாடியைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பார்ப்பது நல்லது. இன்று காலை முழுக்க அதுதான் வேலை. பூவேலை செய்த குவளைகள் ஆறில், நான்கின் வரிகள் தடவும்போது வழவழவென்று இருக்கின்றன. அச்சில் அழுத்தி எடுத்தவை. பக்கவாட்டில் மெல்லிய தையல் கோடும் ஓடுகிறது. மற்ற இரண்டில் ஒவ்வொரு வரியின் விளிம்பும் கூர்மை. சக்கரத்தில் பிடித்து வெட்டியிருக்கிறார்கள். நகத்தால் சுண்டினால் ஓசை நின்று அடங்குகிறது, கனமும் அதிகம். ஈயம் கலந்த கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். நாற்பது வருடமாக ஆறையும் ஒரே செட் என்று வைத்திருக்கிறோம்.

எண்ணெய் ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் தொப்புள் மாதிரி ஒரு வடு. வாயால் ஊதி உருவாக்கியபின், அடியில் பிடித்திருந்த இரும்புக் கம்பியை ஒடித்து எடுத்த இடம் அது. ஒரு மனிதனின் மூச்சு உள்ளே போய் வந்த ஜாடி. அதையே கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அந்தப் பச்சைக் கிண்ணம். மஞ்சளும் பச்சையும் கலந்த, எலுமிச்சைப் பிஞ்சு நிறம். வாயின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு சின்னப் படி இறங்கியிருக்கிறது. மூடி உட்கார்வதற்காக. அப்படியானால் மூடி எங்கே?

ஜூன் 8
பரணில் இல்லை. அடுக்களை அலமாரியிலும் இல்லை.

ஜூன் 9
லேபிள் ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் கூஜாவை வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டேன்.

ஜூன் 10
லேபிளில் பாதி கரைந்துவிட்டது. மிச்சத்தில் "ஸ்லோவாகியா" வரைக்கும் படிக்க முடிகிறது. செக்கோஸ்லோவாகியா என்ற நாடே 1918இல்தான் உருவானது. எனவே "ஐயாவின் தாத்தா 1905இல் கொண்டுவந்த கூஜா" என்பது நடக்காத கதை. பெரியப்பச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வேற கூஜாவா இருக்கும்" என்றார். எனக்குக் கஷ்டமாகிவிட்டது. பொய் என்று நிரூபிக்கவா இதையெல்லாம் பார்க்கிறேன்? இல்லை. ஆனால் தேதி தேதிதானே.

ஜூன் 12
மளிகைக்கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இரவல் வாங்கி வந்தேன். ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். வெள்ளைக் கண்ணாடி எதுவும் அசையவில்லை. ஊறுகாய் ஜாடியில் மட்டும் லேசான பச்சைச் சாயல். அது மாங்கனீசாக இருக்கலாம். மணலில் உள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சை ஏற்றும், அதைப் போக்க முன்பெல்லாம் மாங்கனீசு சேர்ப்பார்கள்.

பச்சைக் கிண்ணத்தின் மேல் வெளிச்சம் பட்டதும் அறையே மாறிவிட்டது. உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்தது போலப் பச்சையாக எரிந்தது.

யுரேனியம். பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், ரீடல் குடும்பத்துப் பட்டறையில் 1830களிலேயே இந்த நிறத்தைச் செய்தார்கள். அப்புறம் இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா என்று பல இடங்களில் செய்தார்கள். அதனால் ஒளிர்வதை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது. அடியில் முத்திரை இல்லை. மூடியில் இருந்திருக்குமோ?

தூங்க முடியவில்லை. சின்ன வயதில் இந்தக் கிண்ணத்திலிருந்து எத்தனை நாள் சர்க்கரை அள்ளித் தின்றிருக்கிறேன். அப்பத்தா எழுபது வருடம் இதைத் துடைத்து வைத்திருக்கிறார். அவர் உடம்புக்கு வந்தது இதனாலா? இரண்டு மணி வரை படித்தேன். பொதுவாக நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில்தான் யுரேனியம் சேர்ப்பார்களாம். அலமாரியில் வைத்திருப்பதால் கெடுதல் இல்லை. புளிப்பான பண்டத்தை ஊற்றி வைக்காமல் இருந்தால் சரி. படித்தது புரிகிறது. மனசுதான் திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது.

ஜூன் 13
மதுரை. அப்பத்தா முழித்திருந்தார். ஃபோனில் படத்தைக் காட்டினேன். "எங்க அப்பச்சி ரங்கூன்லேருந்து கொண்டாந்தது. வைக்கோல்ல பொதிஞ்சு வந்துச்சு. குண்டு போடறதுக்கு முந்தி." ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர். ஆக, அதற்கு முன்னால். இது ஒன்று போதும் எனக்கு. மூடியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "வெளிச்சத்துல எரியுதா? நான் பாக்கணுமே" என்றார். மூடி எங்கே என்று சொல்லவில்லை.

ஜூன் 14
மீன் ஜாடி. எண்ணெய் பட்ட தண்ணீர் மாதிரி ஆரஞ்சும் ஊதாவுமாக மினுங்கும். பங்கில் எல்லோரும் கண் வைத்திருப்பது இதன் மேல்தான். சூடான கண்ணாடியின் மேல் உலோக உப்பைத் தெளித்து வரவழைக்கும் மினுமினுப்பு அது. அழுக்கைப் பழந்துணியால் துடைத்ததும் அடியில் அச்சிலேயே வார்த்த எழுத்து தெரிந்தது: ஜெயின். பெல்ஜியமும் இல்லை, பொஹீமியாவும் இல்லை. உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத். வளையலுக்குப் பேர்போன ஊர். அங்கே ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் 1930களிலிருந்து இந்த வகை ஜாடிகளைச் செய்தது.

"உள்ளூர் சரக்கா" என்று பெரியப்பச்சி முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ இதன்மேல் இருந்த ஆசை இரண்டு மடங்கானது. மீனின் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. அந்த அச்சை வெட்டியவர் பெயர் எங்கேயும் இல்லை.

ஜூன் 15
வியாபாரி ஒருவர் வந்தார். எதையும் கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. மொத்தமாக ஒரு விலை சொன்னார். கொடுக்க மாட்டேன்.

ஜூன் 16
பங்கு தள்ளிப்போயிற்று. எல்லோரும் மதுரையில்.

ஜூன் 17
வெள்ளை பூத்திருந்த கழுத்து நீண்ட ஜாடியில் வினிகர் ஊற்றி வைத்திருந்தேன். உப்புக்கறையாக இருந்தால் போயிருக்கும். போகவில்லை. தண்ணீர் தேங்கி நின்று கண்ணாடியையே அரித்திருக்கிறது. கண்ணில் விழுந்த புரை மாதிரி. இனி இது இப்படித்தான்.

மூடி எண்ணெய் அறையிலும் இல்லை. கிணற்றடி மாடத்தில் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 18
காலை 4 மணிக்கு ஃபோன். உடனே வரச் சொன்னார்கள். கிண்ணத்தை அப்பத்தாவின் பழைய சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். ஊதா விளக்கும் எடுத்தாயிற்று. ஐந்து மணிக்கு பஸ்.