போன பிங் திரும்பவில்லை: வீட்டுக்குள் ஒரு டயல்-இன்

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தொலைபேசிக் கம்பி வழியே கணினிகளைப் பேச வைக்கும் பழைய மோடம்கள் இரண்டைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வாங்கிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பம் வந்து சேர்ந்தேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்ன இபிஏபிஎக்ஸ் பெட்டி (வீட்டுக்குள்ளேயே போன்களை இணைக்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச்) தூசு படிந்து கிடந்தது. கீழே லினக்ஸ் கணினி, மாடியில் பழைய லேப்டாப். மாடியிலிருந்து டயல் செய்து வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மோடம் டயலே செய்யவில்லை. இபிஏபிஎக்ஸ் தரும் டயல்டோன் அதற்குப் பிடிபடவில்லை. ஏடிஎக்ஸ்3 என்று கட்டளை கொடுத்ததும் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்தது. அந்தக் கிறீச்சல் கேட்டு அப்பா, "யாருக்குடா ஃபேக்ஸ் அனுப்புற?" என்றார். வினாடிக்கு 28,800 பிட் வேகத்தில் இணைந்தது. பெட்டியில் 56கே என்று போட்டிருந்தாலும், ஒரு முனை தொலைபேசி நெட்வொர்க்குடன் டிஜிட்டலாக இணைந்திருந்தால்தான் அந்தப் பேச்சு. இரண்டும் அனலாக் என்றால் 33,600தான் உச்சம்.

அப்புறம் ஐபி முகவரி. வீட்டு நெட்வொர்க் 192.168.1.0/24, அதாவது கடைசி எண் மட்டும் 0 முதல் 255 வரை மாறும். லினக்ஸ் அதில் .10. லேப்டாப்புக்கும் அதே சப்நெட்டில் (முகவரித் தொகுப்பில்) .50 கொடுத்து, டயல் இணைப்பைக் கவனிக்கும் பிபிபிடி என்ற லினக்ஸ் நிரலில் ப்ராக்ஸிஆர்ப் என்ற வசதியைப் போட்டேன். லேப்டாப் எங்கே என்று யார் கேட்டாலும் லினக்ஸே "இங்கேதான்" என்று பதில் சொல்லிவிடும். அழகாக வேலை செய்தது, சாயங்காலம் அக்கா வீடு திரும்பும் வரை. அவள் மொபைலுக்கு ரூட்டர் எப்போதோ கொடுத்திருந்த முகவரியும் .50! ஒரே முகவரிக்கு இரண்டு பேர் என்றால் மோதல்தான்.

ரூட்டர் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வரம்பைக் குறைத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஆசை யாரை விட்டது? டயல்-இன்னுக்குத் தனி சப்நெட் 192.168.20.0/28 என்று ஒதுக்கினேன். நினைவில் நிற்கட்டும் என்று லேப்டாப்புக்கு .20.

"இருக்கிறாயா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பிங், லினக்ஸ் வரை போனது, வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டருக்குப் போகவில்லை. ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங் எப்படியோ 0 ஆகிவிட்டிருந்தது. 1 ஆக்கினேன். அப்போதும் இல்லை. போக்குவரத்தை ஒட்டுக்கேட்கும் டிசிபிடம்ப்பில் பார்த்தால் பிங் பிரிண்டரை நோக்கிப் போகிறது, பதில்தான் வரவில்லை. பிரிண்டர் பதிலை ரூட்டரிடம் கொடுக்கும். ரூட்டருக்கு 20 நெட்வொர்க் எங்கே என்று தெரியாது, இணையத்தை நோக்கித் தள்ளிவிடும். சரி, ரூட்டரில் ஸ்டேட்டிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழி) போட்டேன்: 192.168.20.0, மாஸ்க் 255.255.255.240 (/28-ஐ எழுதும் இன்னொரு விதம்), கேட்வே, அதாவது போகும் வாசல், 192.168.1.10.

அப்போதும் இல்லை! அரை மணி நேரம் கேபிளைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் விரல் விட்டு எண்ணியபோதுதான் உறைத்தது. /28 என்றால் .0 முதல் .15 வரைதான். நான் கொடுத்த .20 அடுத்த வீட்டுக்காரன். .2 என்று மாற்றியதும் பதில் வந்தது, சுமார் 170 மில்லிவினாடியில்.

இப்போது பிரிண்டரின் வலைப்பக்கம் ஆமை வேகத்தில் திறக்கிறது. இணையம் மட்டும் வரவில்லை. ரூட்டர் தன் சப்நெட்டுக்கு மட்டும்தான் நாட் (வீட்டு முகவரியை இணைய முகவரியாக மாற்றுவது) செய்கிறது போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும்.